தேறிய பேட்ச்

பிஸ்கட்டை இரண்டாக ஒடிக்கும்போது வரும் சத்தத்தை வைத்தே அது அடுப்பில் எத்தனை நிமிடம் இருந்தது என்று சொல்லிவிடுவார். இருபத்திரண்டு வருடமாகத் தொழிற்சாலையில் ருசி பார்ப்பதுதான் அவர் வேலை. ஒடித்து, முகர்ந்து, மென்று, தாளில் கையெழுத்துப் போட வேண்டும். கையெழுத்து விழுந்துவிட்டால் அந்த பேட்ச் தேறிவிட்டது. அப்புறம் அதை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை.

ஆறு மாதத்துக்கு முன் ரத்தப் பரிசோதனையில் கெட்ட கொழுப்பு நூற்று எழுபத்தெட்டு என்று வந்தது. டாக்டரம்மா தினம் ஒரு மாத்திரை எழுதிக் கொடுத்தார். வெண்ணெயையும் பொரித்ததையும் குறைத்துவிட்டு நடக்கச் சொன்னார். அன்றிலிருந்து அவர் மென்றதை விழுங்காமல் காகிதக் கோப்பையில் துப்பப் பழகினார்.

“துப்புறதுக்குச் சம்பளம் வாங்குற ஒரே ஆளு நீங்கதாண்ணே,” என்று பேக்கிங்கில் இருந்தவள் சிரித்தாள்.

வீட்டில் மனைவி தனக்கென்று தனியாக எதுவும் சமைத்துக்கொள்ளவில்லை. அவருக்கு வேகவைத்த காய்தான் என்றால் அவளுக்கும் அதுதான். காலையில் முழங்கால் வலியோடு பார்க்கில் அவர் கூடவே நடந்தாள்.

“தனியா விட்டா முதல் பெஞ்சுலயே உக்காந்துடுவீங்க.”

மூன்று மாதத்தில் எண் தொண்ணூற்றாறுக்கு இறங்கியது. அந்த ரிப்போர்ட்டை வாங்கியபோது, அடியில் கையெழுத்துப் போடத்தான் அவர் கை பரபரத்தது. தேறியாயிற்று. மதியச் சாப்பாட்டோடு போடும் மாத்திரை என்பதால் அட்டைகள் ஆபீஸ் மேசை இழுப்பறையில்தான் கிடந்தன. மறுநாளிலிருந்து அவர் மாத்திரையைத் தொடவில்லை. மாதா மாதம் மனைவி வாங்கிக் கொடுத்ததும் பிரிக்காமலே உள்ளே போனது.

இன்று சாயங்காலம் அடுத்த ரிப்போர்ட் வந்தது. நூற்று எழுபத்தொன்று.

“மாத்திரை ஒழுங்கா போடுறீங்கதானே?” என்று டாக்டரம்மா கேட்டார்.

“ஒருநாள் தவறினதில்ல டாக்டர்,” என்று மனைவி முந்திக்கொண்டாள். அவர் தன் செருப்பைப் பார்த்தார்.

“அப்போ டோஸை ஏத்திப் பார்ப்போம். சாப்பாட்டையும் இன்னும் கொஞ்சம் கவனிங்கம்மா.”

வீட்டுக்கு வந்ததும் மனைவி புடவைகூட மாற்றாமல் சமையலறை நாற்காலியில் உட்கார்ந்தாள். எண்ணெய் பாட்டிலைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தாள்.

“நான்தான் எங்கயோ கோட்டை விட்டிருக்கேன். போன வாரம் கை கொஞ்சம் தாராளமா போயிடுச்சு. இனிமே எண்ணெயே வேணாங்க. எல்லாம் தண்ணியில.”

அவள் தோள் எலும்பு துருத்திக்கொண்டு நின்றது. இத்தனை நாளாக இது தன் கண்ணில் படவே இல்லையே என்று நினைத்தார்.

“உன் கையில ஒரு தப்பும் இல்லம்மா. மூணு மாசமா நான் மாத்திரையே போடல.”

அவள் பாட்டிலை மெதுவாகக் கீழே வைத்தாள்.

“நம்பர் சரியா வந்துச்சு. தேறியாச்சுன்னு விட்டுட்டேன். எங்க பேட்ச் மாதிரி...”

“நீங்க என்ன டப்பாவுல அடைச்சு சீல் வச்ச பிஸ்கட்டா? தினம் தினம் அடுப்புல வேகுற ஆளு!” கத்தக்கூட அவளுக்குத் தெம்பில்லை. “மூணு மாசமா இந்தப் புல்லை நான் எதுக்குத் தின்னேன்? போனை எடுங்க. டாக்டரம்மாகிட்ட நீங்களே சொல்லுங்க.”

அவர் சொன்னார். போனை எடுத்த நர்ஸ் டாக்டரம்மாவிடம் விசாரித்துவிட்டு வந்தாள். “டோஸை ஏத்த வேணாமாம் சார். பழசையே நாளையிலேருந்து போடுங்க, மூணு மாசம் கழிச்சுப் பார்க்கலாம்னாங்க. நல்ல நம்பர் வந்தா நிறுத்திடாதீங்க. மாத்திரை போடுறதாலதான் அது நல்லா வருது.”

அவர் திரும்பியபோது அடுப்பில் எண்ணெய் காய்ந்துகொண்டிருந்தது. மனைவி முட்டையை உடைத்து ஊற்றினாள், ஓரமெல்லாம் மொறுமொறுவென்று சிவக்கும் வரை விட்டாள், தட்டில் போட்டுக்கொண்டு அவர் எதிரே உட்கார்ந்து சாப்பிட்டாள். அவர் வேகவைத்த பீன்ஸை மென்றார். இதைத் துப்ப வழியில்லை.

தட்டைக் கழுவிவிட்டு வந்தவள் வாசல் பக்கம் கை காட்டினாள்.

“ஷூவை எடுத்து வெளிய வைங்க. காலையில நடக்கணும்.”

“நீ வரியா?”

“வராம? நீங்க பெஞ்சுல உக்காந்துட்டு நடந்தேன்னு சொல்லுவீங்க.”