ஒன்பது வருட ஊற்றுத் தண்ணீர்

“அதை எழுத்துல குடுங்க சார்.”

தண்ணீரைப் பரிசோதிக்கும் வேலையில் அவள் சேர்ந்த அன்றே அப்பா படித்துப் படித்துச் சொல்லியிருந்தார்: “மேலதிகாரி என்ன சொன்னாலும் தலையாட்டு. எழுத்துல மட்டும் கேட்டுறாதே.” அதே சுகாதார அலுவலகத்தில் பல வருடமாகப் பரிசோதனைக்குத் தண்ணீர் பிடித்து வருபவர் அவர். இப்போது அதிகாரியின் அறையில் கதவோரமாகக் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

அதிகாரி மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். “படிச்ச திமிராம்மா?”

“இல்ல சார். ஊத்துத் தண்ணியில கிருமி இருக்கு. இல்லைன்னு மாத்தி எழுதச் சொல்றீங்க. அதைத்தான் எழுத்துல கேக்கறேன்.”

கோபம் வரும் என்று எதிர்பார்த்துத்தான் உள்ளே வந்திருந்தாள். வரவில்லை. பல் டாக்டர் ஊசி போட்ட தாடை மாதிரி உள்ளே எல்லாம் மரத்துக் கிடந்தது.

ஊர்ப் புனித ஊற்றின் தண்ணீரில் குளோரின் மருந்து கலந்தால் அதன் புனிதம் கெட்டுவிடுமாம். கலக்காமலே குழாய் வழியாகப் பிரசவ ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக நகரசபை மறுநாள் தீர்மானம் போடவிருந்தது.

“நான் ஒண்ணும் கண்ணை மூடிட்டுக் கும்புடற ஆள் இல்ல,” என்றார் அதிகாரி. “ஒன்பது வருஷ ரிப்போர்ட் இருக்கு. ஒரு கிருமி கிடையாது. இது பக்தியில்லம்மா, புள்ளிவிவரம். நீயா போய் அள்ளிட்டு வந்த ஒத்தை பாட்டில் வந்து எல்லாத்தையும் கவுத்துருமா?”

“அந்த ஒன்பது வருஷ ரிப்போர்ட்லயும் குளோரின் இருக்கு சார். மருந்தே போடாத ஊத்துல அது எப்படி வந்துச்சு?”

அதிகாரி தாள்களைப் புரட்டினார். ஒவ்வொன்றிலும் குளோரின் கட்டம் நிரம்பியிருந்தது. ஒவ்வொன்றின் கீழும் அவருடைய சொந்தக் கையெழுத்தே. புரட்டுவதை நிறுத்திவிட்டு அப்பாவைப் பார்த்தார்.

“நம்ம ஆபீஸ் வாசல்ல இருக்கற நகரசபைக் குழாயில புடிச்சேங்கய்யா,” என்றார் அப்பா. “சாமி தண்ணியைச் சந்தேகப்பட்டு பாட்டில்ல அள்ள எனக்குக் கை வரல.”

“நல்லா புடிச்சய்யா போ!” அதிகாரி அவள் பக்கம் திரும்பினார். “ரிட்டயராக நாலு மாசம் இருக்கு மனுஷனுக்கு. இது வெளிய வந்தா வேலையும் போச்சு, பென்ஷனும் போச்சு. பெத்த அப்பனை நீயே மாட்டி விடுவியா?”

“அதைக் குடிச்சு யாரும் செத்ததில்லையேம்மா,” என்றார் அப்பா.

“ஊத்துல ஒரு கை அள்ளிக் குடிக்கிறாங்கப்பா. ஆஸ்பத்திரியில பொறந்த புள்ளைக்குப் பால்பொடி கரைப்பாங்க.”

“அவங்களுக்கு ஒண்ணும் ஆகாது. அவன் பாத்துப்பான்.”

அப்பா அதைப் பொய்யாகச் சொல்லவில்லை. உண்மையாகவே நம்பினார். அவளைக் கல்லூரியில் சேர்த்தபோதும் இதே நம்பிக்கையோடுதான் கையெழுத்துப் போட்டார்.

அதிகாரி பேனாவை நீட்டினார். “பழசை எல்லாம் விடு. இந்த ஒண்ணைத் திருத்து. உங்கப்பா பேர் எங்கயும் வராது.”

“ரிப்போர்ட்டைக் காலையிலயே நகரசபைக்கு அனுப்பிட்டேன் சார். ஆஸ்பத்திரிக்கும் ஒரு நகல் போயிருக்கு.”

“அப்பன் பேரோடவா?”

“பழைய சாம்பிள் எல்லாம் யார் எங்க எடுத்ததுன்னு சொல்லாம, அது ஏன் செல்லாதுன்னு எப்படி சார் சொல்றது?”

அப்பா கேட்டார்: “நேத்து ராத்திரி சாப்பிடறப்பவே அனுப்பறதா முடிவு பண்ணிட்டியா?”

“ஆமாப்பா.”

அவள் பையை எடுத்துத் தோளில் மாட்டினாள். கதவோரம் நின்றிருந்த அப்பா, அதிகாரிகளுக்கு விலகுவதுபோலச் சுவரோடு ஒட்டி நின்று அவளுக்கு வழிவிட்டார். அவர் முகத்தைப் பார்க்காமலே வெளியே போனாள்.