ஈரக்கட்டை

ஆரியங்காவு ஏற்றத்தில் லாரி இழுக்க மாட்டாமல் நின்றது. பின்னால் நடந்து வந்த கிளீனர் பேச்சி ஓடிவந்து பின்சக்கரத்துக்கு அடியில் புளியங்கட்டையைத் திணித்தான். பிறகு வண்டியின் பக்கத்தில் கட்டியிருந்த கரியடுப்பின் கைப்பிடியைச் சுற்ற ஆரம்பித்தான். யுத்தம் வந்ததிலிருந்து பெட்ரோல் கிடைப்பதில்லை. சங்கரன்கோவில் லாரிகள் கரிப்புகையில்தான் ஓடின. சமதளத்தில் ஓடும், மலையைக் கண்டால் சண்டி மாடு மாதிரி படுத்துக்கொள்ளும்.

காலையிலிருந்து மழை. கரிமூட்டை நனைந்திருந்தது. அடுப்பு புகைந்ததே தவிரப் பிடிக்கவில்லை. படுதாவுக்குள் தண்ணீர் இறங்கி மிளகாய் வத்தல் மூட்டை கெட்டால் முதலாளி குருநாதன் தோலை உரித்துவிடுவார் என்ற பயம் டிரைவர் மைதீன் பாட்சாவுக்கு.

"காஞ்ச விறகு ஏதும் இருக்காவே?"

"ஈர்க்குச்சிகூட நனைஞ்சு கிடக்கு பாயி."

பாட்சாவின் கண் சக்கரத்துக்கு அடியில் போனது. வருசக்கணக்கில் ஆயில் குடித்துக் கறுத்த கட்டை அது.

"ஒரு கல்லை வச்சிட்டு அந்தக் கட்டையை உருவும்."

"கட்டை இல்லாம மலை ஏறப்பிடாது பாயி."

"டிரைவர் நானா, நீரா?"

பேச்சி வயதில் மூத்தவன். ஆனாலும் கிளீனர் கிளீனர்தான். சக்கரத்துக்குக் கல்லை வைத்துவிட்டுக் கட்டையைப் பிளந்து அடுப்பில் போட்டான். அது நெய் ஊற்றியது போல எரிந்தது. இஞ்சின் உறுமியது.

ஏற்றத்தில் கிளீனர் வண்டியில் ஏறுவதில்லை. கட்டையோடு பின்னாலேயே நடந்து வர வேண்டும், அதுதான் வழக்கம். பேச்சி ஒரு கல்லை இடுப்பில் அணைத்துக்கொண்டு நடந்தான்.

அடுத்த கொண்டைஊசி வளைவில் இஞ்சின் மறுபடி அடங்கியது. நனைந்த பிரேக் பிடிக்கவில்லை. லாரி பின்னால் உருண்டது.

"கட்டை! கட்டையைப் போடும்!" என்று பாட்சா கத்தினான். எத்தனையோ வருசமாகக் கத்திப் பழகிய வாய். கத்தி முடித்த பிறகுதான் கட்டை இல்லை என்பது நினைவுக்கு வந்தது. ஸ்டீயரிங்கை ஒடித்து வண்டியை மலைப்பக்கம் மோதி நிறுத்தினான்.

இறங்கிப் போய்ப் பார்த்தபோது கல் பள்ளத்தில் கிடந்தது. பேச்சியின் வலது கால் சக்கரத்துக்கு அடியில் இருந்தது.

ஆஸ்பத்திரியில் அந்தக் காலை முழங்காலோடு எடுத்துவிட்டார்கள். புண் ஆறியதும் பேச்சி கவட்டுக்கம்பை ஊன்றி, மனைவி மாடத்தியோடு முதலாளியின் சரக்குக் கிட்டங்கிக்கு வந்தான். வாசல் காவல் வேலை கொடுத்தால் உட்கார்ந்தபடி பார்த்துக்கொள்வேன் என்றான்.

"கட்டையை எங்கலே போட்ட?" என்று குருநாதன் கேட்டார்.

பேச்சி பாட்சாவைப் பார்த்தான். பாட்சா வாசலில் நின்ற லாரியின் டயரைப் பார்த்தான். 'நான்தான் எரிச்சேன்' என்ற வார்த்தை தொண்டை வரை வந்தது. சொன்னால் வேலை போகும். வீட்டில் மனைவி ஜெய்னப்புக்கு இது நிறைமாதம். வார்த்தையை எச்சிலோடு விழுங்கினான்.

"வழியில எங்கனயோ விழுந்துட்டு மொதலாளி" என்றான் பேச்சி.

"ஒரு கட்டையைப் பாத்துக்கிடத் தெரியாதவன் என் கிட்டங்கியவா பாத்துக்கிடப் போற? போலே."

வெளியே மாடத்தி பாட்சாவிடம் சொன்னாள்: "இவுக மறதியில ஒங்க உயிருக்கும் ஆபத்தால்லா ஆகிருக்கும். மனசுல வச்சுக்கிடாதீங்க பாயி." அவள் திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருக்கலாம். வெட்கத்தில் பாட்சாவால் நிமிர முடியவில்லை.

அடுத்த நடை கிளம்பும் காலையில் மாடத்தி வந்தாள். இடுப்பில் புதிதாகச் செதுக்கிய ஒரு புளியங்கட்டை.

"புதுக் கிளீனருக்காம். வீட்டுல ஒக்காந்தே செதுக்குனாக. ஈரக்கட்டையாம், லேசுல தீப்பிடிக்காதுன்னு ஒங்ககிட்டச் சொல்லச் சொன்னாக. எனக்கு ஒண்ணும் வெளங்கல பாயி."

பாட்சா இரண்டு கையாலும் வாங்கினான். கட்டை குளிர்ந்து கனத்தது.

"அந்தக் காவல் வேலைக்கு நீங்க ஒரு வார்த்தை சொன்னா மொதலாளி கேப்பாக."

கிட்டங்கிக் கதவு திறந்துதான் இருந்தது. குருநாதன் உள்ளே வத்தலைக் கையில் அள்ளிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"சொல்லுதேம்மா" என்றான் பாட்சா. கட்டையைச் சீட்டுக்கு அடியில் தள்ளிவிட்டு, கிட்டங்கிக்குள் போகாமல் வண்டியில் ஏறி உட்கார்ந்தான். புதுக் கிளீனர் கரியடுப்பைச் சுற்றத் தொடங்கினான். புகை வந்து மூடும் வரை மாடத்தி கிட்டங்கி வாசலிலேயே நின்றுகொண்டிருந்தாள்.