குழாய்க்குள் பின்பக்கமாகப் போன மீன்

எங்கள் ஆய்வுக்கூடத்து மீன்கள் ஷாக் அடித்துத் தள்ளுகிற ரகம் இல்லை. வாலிலிருந்து மெல்லிய மின்துடிப்பு விடும், இருட்டில் அதை வைத்தே வழி பார்க்கும். அந்தத் துடிப்பு திரையில் முதலில் ஏறி, பிறகு இறங்கும். பதினொரு மீன்களுக்கு மட்டும் முதலில் இறங்கி, பிறகு ஏறியது. அவற்றில் ஒன்பதுக்கு ஒரே மரபணுவில் ஓர் எழுத்து மாறியிருந்தது. நாலு வருடம் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு தேடிப் பிடித்த எழுத்து. அதை நம்பித்தான் என் முனைவர் பட்டமே இருந்தது. வெள்ளிக்கிழமை கட்டுரையை அனுப்ப வேண்டும்.

புதன்கிழமை காலை, தொட்டிகளைப் பார்த்துக்கொள்ளும் அண்ணன்மேல் வள்ளென்று விழுந்தேன். துடிப்பை அளக்கும் குழாய்க்குள் ஒரு மீனை விட அரை மணி நேரமா?

"நான் என்னம்மா பண்றது? இதுக்குக் கூச்சம் ஜாஸ்தி. வாலைத்தான் முதல்ல உள்ள விடும்."

"எதை?"

"வாலை. இது மட்டுமா, இன்னும் கொஞ்சம் பேர் இருக்காங்க. முன்னாடி நீந்துற மாதிரியே பின்னாடியும் நீந்துவானுங்க, கெட்டிக்காரப் பசங்க."

அந்தச் சாம்பல் நிறக் குழாயின் ஒரு முனை வலையால் அடைத்தது, சிவப்பு ஒயர் அங்கே. கறுப்பு ஒயர் திறந்த முனையில். திறந்த முனை வழியாக நுழைகிற மீனின் தலை சிவப்புப் பக்கம்தான் இருக்கும் என்பது எங்கள் எண்ணம். உள்ளே போனபின் மீன் கண்ணுக்குத் தெரியாது. அது திரும்பிக் கிடந்தால் திரையில் துடிப்பும் தலைகீழாகத்தான் விழும்.

"ஏண்ணே, இத்தனை நாளா சொல்லவே இல்லை?"

"தெரியாமயா இருக்கும்னு நினைச்சேன். நீ படிச்ச பொண்ணாச்சே."

கண்ணாடிக் குழாய் ஒன்றைத் தேடி எடுத்து, பதினொன்றையும் தலை எங்கே என்று பார்த்துப் பார்த்து மறுபடி அளந்தோம். பத்து மீன்களின் துடிப்பு மற்றவற்றைப் போலவே இருந்தது; ஒன்றே ஒன்றுதான் உண்மையிலேயே தலைகீழ். ஆயிரக்கணக்கான மரபணுக்களைத் துழாவினால் ஏதாவது ஒன்று பொருந்தத்தான் செய்யும். அதைப் போய்த் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடியிருக்கிறேன். கழிப்பறைக்குப் போய் வாய்விட்டு அழுதேன்.

முகத்தைக் கழுவிக்கொண்டு, என் ஆய்வு வழிகாட்டியான மேடத்திடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். திட்டித் தீர்ப்பார் என்று நினைத்தேன். கதவைச் சாத்தச் சொன்னார்.

"வேற யாருக்குத் தெரியும்?"

"அண்ணனுக்கு. அப்புறம் மீனுங்களுக்கு."

அவர் சிரிக்கவில்லை.

"கட்டுரையை அனுப்ப மாட்டேன் மேடம்." என்றேன். "பட்டம் தள்ளிப்போனா போகட்டும்."

"உன்னை அனுப்பச் சொல்லலைம்மா." மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். "உன் மீனுங்க உயிரோட இருக்கு, திரும்ப அளந்துட்ட. என்னை இந்த நாற்காலியில உக்கார வச்ச ஆராய்ச்சியும் இதே குழாய்லதான் பண்ணது. அந்த மீனுங்க செத்துப் பதினஞ்சு வருஷம் ஆச்சு."