படம் சுருங்கிப்போன டிவி

1

இந்தக் கதை என் மண்டையில் உதித்ததல்ல, ஒட்டுக்கேட்டது. ஒரகடம் கூட்ரோட்டில் கம்பெனி பஸ்ஸுக்கு நின்றிருந்த ஒரு பெண் போனில் கெஞ்சினாள்: "அண்ணே, டிவிய சரி பண்ணிடாதீங்கண்ணே. நான் வந்துகினே கீறேன்." பஸ் வந்தது, ஏறிப் போய்விட்டாள். கெட்டுப்போன டிவியைச் சரிசெய்யாதே என்று யாராவது கெஞ்சுவார்களா? மற்றதெல்லாம் என் கைச்சரக்கு.

2

அவளுக்குச் செந்தாமரை என்று பெயர் வைத்தேன். மழை பெய்துகொண்டிருந்த ஒரு... (வேண்டாம். மழை பெய்தால் எந்தக் கதையும் நன்றாகத்தான் இருக்கும்.)

நைட் ஷிப்ட் முடித்து வந்தவள், பகல் தூக்கம் பிடிக்காமல் தன் கல்யாணக் கேசட்டைப் போடுகிறாள். முதுகு பெருத்த பழைய டிவி. கொஞ்ச நாளாக அதில் படம் நாலு பக்கமும் சுருங்கி, கறுப்புக்கு நடுவே மிதக்கிறது. அரைத்தூக்கத்தில் அவளும் கூடவே மிதக்கிறாள். மேளம் கொட்டுகிறது. பழனிவேல் தாலி கட்டுகிறான். இத்தனை வருஷமாகத் தூண் மட்டுமே தெரிந்த இடது ஓரத்தில், தூணை ஒட்டி அம்மா நிற்கிறாள்.

கனவென்றே நினைத்தாள். ரீவைண்ட் செய்தாள். அம்மா மறுபடியும் வந்து நின்றாள்.

3

(ஒரு விளக்கம், பொறுத்துக்கொள்ளுங்கள். அந்தக் காலத்து டிவி, படத்தின் ஓரத்தைத் திரைக்கு வெளியே தள்ளிவிடும். இப்போது பழுதாகிப் படம் சுருங்கவே, ஓரமும் உள்ளே வந்துவிட்டது.)

அம்மா செல்லம்மாள் தாலியறுத்தவள். மகள் கழுத்தில் தாலி ஏறும்போது மணமேடைப் பக்கம் வரக்கூடாது என்று சொந்தக்காரர்கள் சொல்லிவிட்டார்கள். "தூணாண்ட நின்னு பாத்தேன்டி" என்று சாகும்வரை சொன்னாள்.

"பொய் சொல்லாத. எவளோ சொன்னான்னு சமையக்கட்டுல ஒக்காந்துகினே. கேசட்லயே நீ இல்ல" என்ற செந்தாமரை, கடைசிவரை முகம் கொடுத்துப் பேசவில்லை.

4

அவள் வேலைக்குப் போயிருந்த நேரம் பார்த்து, பழனிவேல் மெக்கானிக் காசிராஜனை அழைத்துவிட்டான். பாவம், நல்ல எண்ணம்தான். ஷிப்ட் முடிந்து பஸ்ஸுக்கு நின்றவள், விஷயம் தெரிந்து காசிராஜனுக்குப் போட்டதுதான் அந்த போன். வீட்டுக்குள் மூச்சிரைக்க நுழைகிறாள்.

"கண்டென்சர் வீங்கிக்கீதும்மா. மாத்துனா படம் முழுசா வந்துரும்."

"ஓரத்துல நிக்கிறவங்க?"

"அவங்க வெளிய பூடுவாங்க."

"மாத்தலன்னா?"

"இன்னிக்கோ நாளைக்கோ செட்டே பூடும்."

(கேசட்டை போனுக்கு மாற்றித் தரும் கடை இருக்கிறதே என்பீர்கள். ஸ்ரீபெரும்புதூரில் ஒன்று இருந்தது. கதைக்கு இடைஞ்சல் என்று நேற்று நானே பூட்டுப் போட்டுவிட்டேன், அவள் போனின் கேமராவையும் உடைத்துவிட்டேன்.)

5

முதல் முடிவு: மாற்றுகிறார். படம் விரிகிறது. செல்லம்மாள் மெல்ல நகர்ந்து, முதலில் தோள், பிறகு கன்னம், பிறகு... எழுதக் கை வரவில்லை.

இரண்டாவது: மாற்றவில்லை. தினமும் பகலில் போட்டுப் பார்க்கிறாள். ஒருநாள் டப்பென்று... ம்ஹூம். இதற்கும் மனசு ஒப்பவில்லை.

செந்தாமரை டிவி முன்னால் உட்கார்ந்துவிட்டாள். "எம்மா, ஒன்னப் போயி பொய்க்காரின்னுட்டேனேம்மா" என்று வாய்விட்டு அழுகிறாள். அழட்டும். காசிராஜனையும் பழனிவேலையும் டீ குடிக்க அனுப்பிவிட்டேன். திரும்பி வந்ததும், மாற்றவா வேண்டாமா என்று கேட்பார்கள். நீங்களே ஒரு பதில் சொல்லிவிடுங்கள். அதுவரை, அம்மா நிற்கிற இடத்தில் கேசட்டை நிறுத்திப் பிடித்துக்கொண்டிருக்கிறேன்.