வேர்க்காத உடம்பு

ஆனந்தவல்லி டீச்சருக்குக் கோபம் வந்தால் குரல் ஏறாது, இறங்கும். சங்கரன்கோவில் பெண் ஆசிரியர் பயிற்சிப் பள்ளியில் அவள் உடலியல் எடுத்த ஆறு வருடத்தில் அந்தக் குரலைக் கேட்டவர்கள் குறைவு. 1954 பங்குனியில் ஒரு வெள்ளிக்கிழமை எல்லோரும் கேட்டார்கள்.

அன்று காலைப் பாடம் உடம்பின் சூடு.

“வெளியே வெயில் கொளுத்தட்டும், மார்கழிப் பனி கொட்டட்டும். உள்ளே தொண்ணூத்தெட்டரை டிகிரிதான். எப்படி? மூளைக்குள்ள ஒரு இடம் ரத்தத்தோட சூட்டைப் பாத்துக்கிட்டே இருக்கு. சூடு கூடினா வேர்வையைத் திறந்து விடுது. வேர்வை காயக் காய ரத்தம் குளுருது. குளுந்த சேதி திரும்ப அந்த இடத்துக்கே போகுது. போதும்னு அது வேர்வையை நிறுத்திருது. சர்க்கரை, மூச்சு, தாகம் எல்லாத்துக்கும் இந்தக் கணக்குத்தான். கூடினா குறைக்கும், குறைஞ்சா கூட்டும்.”

இரண்டாவது வரிசையில் ஆறுமுகத்தாய் எழுந்தாள். பனவடலிசத்திரத்துக்காரி. இருபத்து மூன்று வயதில் புருஷனை இழந்து, உதவித்தொகையை நம்பிப் பயிற்சிக்கு வந்தவள். வகுப்பில் கேள்வி கேட்கிறவள் அவள் ஒருத்திதான்.

“தண்ணி குடிக்கலேன்னா வேர்வை எங்கருந்து டீச்சர் வரும்?”

“நல்லாக் கேட்டே. முதல்ல தாகம் எடுக்கும், மூத்திரம் சுண்டும். அதையும் தாண்டினா வேர்வை நின்னுரும். சேதி போய்க்கிட்டேதான் இருக்கும், செய்யதுக்கு ஒண்ணும் இருக்காது. அப்புறம் சூடு கூடக் கூட உடம்பு இன்னும் வேகமா எரியும். எரிய எரிய இன்னும் சூடு கூடும். அங்க ஆளைப் பிடிக்கலேன்னா முடிஞ்சுது.”

முப்பது பேரும் நோட்டில் எழுதிக்கொண்டார்கள்.

திங்கட்கிழமை மாவட்டக் கல்வி அதிகாரி வருவதாக இருந்தது. பள்ளி மேற்பார்வையாளர் சங்கரநயினார் மதியச் சாப்பாடு முடிந்ததும் மாணவிகளை மைதானத்துக்கு அனுப்பினார். சரளைக் கல்லைக் கூடையில் சுமந்துபோய்ப் பள்ளத்தை நிரப்ப வேண்டும். ஒருத்தி மாற்றி ஒருத்தி தண்ணீர் குடிக்கப் போய் வேலை கெடுகிறதென்று பானை அறையைப் பூட்டிச் சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். கிணற்று வாளியும் கயிறும் அந்த அறைக்குள்தான் இருந்தன.

பரீட்சைத் தாள் திருத்திக்கொண்டிருந்த ஆனந்தவல்லி மூன்றரை மணிக்கு வெளியே வந்தாள். கரிசல் மண்ணிலிருந்து அனல் முகத்தில் அடித்தது. பெண்கள் ரவிக்கை நனைந்து, உதடு வெடித்து, கூடையோடு தள்ளாடிக்கொண்டிருந்தார்கள். வேப்ப மரத்தடியில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்த சங்கரநயினார் அவளைப் பார்த்துச் சிரித்தார்.

“பாத்தீங்களா டீச்சரம்மா. வீட்டு நிழல்ல வளந்த இந்தப் பிள்ளைகள்லாம் தொப்பலா நனைஞ்சு நிக்கி. அங்க பாருங்க, ஆறுமுகத்தாயி. ஒரு சொட்டு வேர்வை இருக்கா? காட்டுல கிடந்து வளந்த உடம்பு. அதுக்கு வெயிலும் ஒண்ணுதான், நிழலும் ஒண்ணுதான். அதான் அவளுக்கு ரெட்டைக் கூடை.”

ஆனந்தவல்லி மைதானத்துக்குள் ஓடினாள். ஆறுமுகத்தாய் இரண்டு கூடைகளைத் தலையில் அடுக்கிக்கொண்டு, நடக்க வேண்டிய திசைக்கு நேர் எதிரே நடந்துகொண்டிருந்தாள். கையைப் பிடித்தால் வெயிலில் கிடந்த தகரம் போலச் சுட்டது. தோல் காய்ந்த ஓலையாக இருந்தது.

“ஏட்டி, இங்க பாரு. நான் யாரு?”

“மாட்டை அவுத்துக் கட்டணும், அத்தை,” என்றாள் ஆறுமுகத்தாய். கூடைகள் சரிந்தன. அவளும் விழுந்தாள்.

ஆனந்தவல்லியின் நெஞ்சு படபடவென்று அடித்தது. எந்தச் சுரப்பி அதைச் செய்கிறதென்று அவளுக்குத் தெரியும். தெரிந்து என்ன, கோபம் ஒரு துளி குறையவில்லை. சங்கரநயினாரிடம் போய்க் கையை நீட்டினாள்.

“சாவி.”

“மயக்கம்தானே, கொஞ்ச நேரத்துல...”

“சாவியைக் கொடுங்க சார். இல்லேன்னா கதவை ஒடைப்பேன்.”

குரல் இறங்கியிருந்தது. கூடையோடு நின்ற எல்லோருக்கும் கேட்டது. அவர் கொடுத்துவிட்டார்.

நாலு பேர் ஆறுமுகத்தாயை நிழலுக்குத் தூக்கினார்கள். “வாயில ஊத்தாதீங்க, புரையேறிரும். மேலெல்லாம் ஊத்துங்க. விசிறுங்க, நிறுத்தாம விசிறுங்க,” என்றாள் ஆனந்தவல்லி. பாடத்துக்கு வைத்திருந்த தெர்மாமீட்டரை அக்குளில் வைத்து எடுத்தாள். நூற்று ஆறு. கால் வெட்டி இழுத்தது. குடம் குடமாகக் கிணற்றுத் தண்ணீர் வந்தது. நூற்று மூன்றுக்கு இறங்கியதும் வில்வண்டியில் போட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். வழியெல்லாம் ஈரச்சேலையை மேலே போர்த்தி விசிறிக்கொண்டே வந்தவள் இசக்கியம்மாள், ஆறுமுகத்தாயோடு ஒரே அறையில் தங்கியிருந்தவள்.

உயிர் தப்பியது. மறுநாள் மாலைதான் ஆறுமுகத்தாய் ஆட்களை அடையாளம் கண்டாள்.

அதற்குள் சங்கரநயினார் ஒரு தாள் தயார் செய்திருந்தார். மாணவிக்குக் காக்காவலிப்பு நோய் உண்டு, அதை மறைத்துச் சேர்ந்திருக்கிறாள், பயிற்சிக்குத் தகுதியற்ற உடல்நிலை. கீழே ஆனந்தவல்லியின் கையெழுத்துக்கு இடம் விட்டிருந்தார்.

“இதுல கையெழுத்துப் போட்டா அவ படிப்பு போச்சு,” என்றாள் ஆனந்தவல்லி.

“போடலேன்னா நம்ம பள்ளிக்கூடத்துப் பேரு போச்சு. யோசிங்க டீச்சரம்மா. எங்கயோ கிடந்து வந்த பிள்ளை. திரும்பப் போனா காட்டு வேலை இருக்கு அவளுக்கு.”

“அவளுக்கும் உங்களுக்கும் எனக்கும் தொண்ணூத்தெட்டரைதான் சார். நீங்க பூட்டினது பானையை இல்ல, அவ உசிரை. அவ வேர்க்காம நின்னப்போ சாகக் கிடந்தா. நீங்க இன்னொரு கூடையை ஏத்தி விட்டீங்க.”

தாளை மேஜையிலேயே வைத்துவிட்டு, தன் கையால் வேறொன்று எழுதினாள். எத்தனை மணிக்குப் பூட்டியது, எத்தனை மணிக்கு விழுந்தது, எத்தனை டிகிரி. ஆஸ்பத்திரி டாக்டரின் குறிப்பையும் சேர்த்தாள்.

திங்கட்கிழமை அதிகாரி வந்தார். இரண்டு தாள்களையும் படித்தார். மாணவிகளைக் கூப்பிட்டு, தண்ணீர் மறுக்கப்பட்டதா என்று கேட்டார். முப்பது பேருக்கும் சான்றிதழில் கையெழுத்துப் போட வேண்டிய சங்கரநயினார் பக்கத்திலேயே நின்றார். யாரும் வாய் திறக்கவில்லை. ஆனந்தவல்லிக்கு அந்த மௌனம் அவரைவிட எரிச்சலாக இருந்தது.

கடைசியில் இசக்கியம்மாள் முன்னால் வந்தாள். “பூட்டினாங்க சார். ஒரு மணியிலருந்து மூணரை வரைக்கும். எனக்கும் வேர்வை நிக்கப் போச்சு. அவ முந்திக்கிட்டா, அவ்வளவுதான்.”

அதற்குப் பிறகு ஒவ்வொருத்தியாகப் பேசினார்கள்.

ஆறுமுகத்தாய் மறு மாதம் வகுப்புக்குத் திரும்பினாள். தலைவலி அவளை விடவில்லை. நினைவு சில நேரம் தப்பியது. படித்ததையே மூன்று தடவை படித்துப் பரீட்சை எழுதித் தேறினாள். சங்கரநயினாருக்கு ஓர் எச்சரிக்கைக் கடிதம் வந்தது, அவ்வளவுதான். அதே நாற்காலியில் இருந்தார். ஆனந்தவல்லிக்கு மாற்றல் உத்தரவு வந்தது, ராமநாதபுரம் ஜில்லாவுக்கு.

உத்தரவை அவர்தான் கொடுத்தார். “இவ்வளவு கோபம் உடம்புக்கு ஆகாது டீச்சரம்மா. ஆறணும்.”

“ஆறாது சார்,” என்றாள் ஆனந்தவல்லி. “ஆறவும் விடமாட்டேன்.”

பெல் அடித்தது. அன்றைக்குச் சிறுநீரகம் நடத்த வேண்டியிருந்தது. உத்தரவை மடித்துப் புத்தகத்துக்குள் வைத்துக்கொண்டு வகுப்புக்கு நடந்தாள்.