கஸ்தூரிரங்கன் வெல்டிங் மிஷின் வாங்கின விதம்

காரின் பின்பக்கத் தரையில் உள்ளங்கை அகலத்துக்குத் துருப்பிடித்து ஓட்டை விழுந்திருந்தது. குனிந்து பார்த்தால் மயிலாப்பூர் தெரிந்தது.

"வெல்டிங் மிஷினே ஒண்ணு வாங்கிடலாம்னு இருக்கேன்," என்றார் கஸ்தூரிரங்கன், காப்பியை ஆற்றிக்கொண்டே.

"ஒரு ஓட்டைக்கா?" என்றாள் அவர் மனைவி நீரஜா.

"இன்னிக்கு ஒரு ஓட்டை. நாளைக்கு? சொந்தமா ஒரு மிஷின் ஆத்துல இருந்தா ஆயுசுக்கும் கவலை இல்லை."

"அப்போ எனக்குப் பல்வலி வந்தா சொந்தமா ஒரு கொறடு வாங்கிடுவேளா?"

அவர் காப்பியை ஒரு வாய் குடித்தார். கொறடுக்கும் விலை விசாரிக்க வேண்டும் என்று மனசுக்குள் குறித்துக்கொண்டாரோ என்னவோ.

மனிதர் சர்க்கார் ஆபீஸில் கொள்முதல் பிரிவில் முப்பத்துமூன்று வருஷம் இருந்து, போன தையில்தான் ரிடையர் ஆனார். மூன்று கொட்டேஷன் இல்லாமல் ஒரு குண்டூசி அவர் மேஜையைத் தாண்டினதில்லை. ஆபீஸ் அவரை விட்டது. அவர் ஆபீஸை விடவில்லை. தேங்காய்த் துருவி வாங்க நாலு மாசம் எடுத்துக்கொண்டார். அந்த நாலு மாசமும் அந்த வீட்டில் எல்லாக் கறியும் தேங்காய் இல்லாத கறிதான்.

துருவிக்குக் காத்திருந்தவளுக்கு இதற்குக் காத்திருக்க முடியவில்லை. நீரஜாவுக்கு ஐம்பத்திரண்டு வயசு. இருபத்தைந்து வருஷமாக ஊரான் வீட்டுப் பெண்களுக்கு வீணை சொல்லிக்கொடுத்தவளை, முதல் தடவையாகக் கொட்டிவாக்கத்தில் புதுசாக வந்த கோயிலில் மேடையேறச் சொல்லியிருந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், ஒன்றரை மணி நேரம். இன்னும் இருபத்திரண்டு நாள். போன நவராத்திரியில் சைதாப்பேட்டையில் ஒரு வீட்டுக் கொலுவுக்கு ஆட்டோவில் போனபோது ஒரு மேட்டில் வண்டி தூக்கிப் போட்டதில் வீணையின் மெழுகு விட்டுப்போய், அதில் பதித்திருந்த பித்தளை மெட்டுக் கம்பி மூன்று கழன்று மடியில் விழுந்தது. அன்றைக்கு அவள் வாய்ப்பாட்டுப் பாடிவிட்டு வந்தாள். இந்தத் தடவை வீணை காரில்தான் போகும் என்று தீர்மானம். அந்தக் காரிலோ, வீணையின் குடம் உட்கார வேண்டிய இடத்தில்தான் ஓட்டை.

"சைதாப்பேட்டையில கரீமுல்லான்னு ஒருத்தர் இருக்கார், டிங்கரிங் வேலை நன்னா பண்ணுவாராம்," என்று அவளே போய்க் கையோடு அழைத்துவந்தாள்.

கரீமுல்லா காருக்கு அடியில் படுத்து, விரலால் தகட்டைச் சுண்டிப் பார்த்தார்.

"சார், தகடு அப்பளம் மாதிரி கீது. கரண்ட் வெல்டிங் இதுக்கு ஒத்துவராது, பொத்துக்கினு பூடும். கேஸ்தான் வைக்கணும். வண்டிய வுடு, ஒரே நாள்ல முடிச்சுத் தரேன்."

"இதை எழுத்துல குடுங்கோ," என்றார் கஸ்தூரிரங்கன்.

"இன்னாத்த?"

"நீங்க சொன்னதை. கவர்ல போட்டு, ஒட்டி, பதினைஞ்சாம் தேதி மூணு மணிக்குள்ள."

கரீமுல்லா நீரஜாவைப் பார்த்தார். நீரஜா முருங்கை மரத்தைப் பார்த்தாள்.

"நமக்கு எழுத வராது சார். வெல்டிங்தான் வரும்," என்று சொல்லிவிட்டு அவர் பஸ் ஏறிப் போனார். வாய்மொழி டெண்டர் செல்லாது என்று அன்றே நோட்டில் ஏறியது.

செல்லுபடியானவை மூன்று, எல்லாம் பாரிமுனைக் கடைகள். கஸ்தூரிரங்கன் அளவுகோல் வைத்துக் கட்டம் போட்டார். எடை, உயரம், சக்கரம் உண்டா, கைப்பிடி என்ன நிறம், உத்தரவாதம் எத்தனை மாசம்.

"தகடு எவ்வளவு மெல்லிசுன்னு ஒரு கட்டம் போடலையே?" என்றாள் நீரஜா.

"அது மிஷினைச் சேர்ந்த விஷயம் இல்லைடி. காரைச் சேர்ந்தது."

எது மட்டமான விலையோ அதுதான் ஜெயித்தது. மூன்று பேர் அதைத் தூக்கிவந்து கூடத்தில் இறக்கினார்கள். கல்யாணப் பந்தலுக்கு அரிசி மூட்டை இறங்குகிற சத்தம்.

"வீட்டுக்கு இரும்புக் கேட்டு, கிரில்லு ஏதாவது போடறீங்களா சார்?" என்று அதில் ஒருவன் கேட்டான். "அதுக்குத்தான் எல்லாரும் இத வாங்குவாங்க."

"கார்," என்றார் அவர்.

அவன் சிரித்தான். நல்ல பிள்ளை, வாய்விட்டுச் சிரிக்கவில்லை.

கச்சேரிக்கு இரண்டு நாள் முன்பு, வெள்ளிக்கிழமை ராகுகாலம் கழிந்து, முகத்துக்கு முன்னால் கறுப்புக் கண்ணாடியைப் பிடித்துக்கொண்டு கஸ்தூரிரங்கன் கம்பியை வைத்தார். ஒரு மின்னல் வந்தது. ஓட்டை பெரிதாயிற்று. பெரிதான ஓட்டையை அடைக்க ஓரத்தில் வைத்தார். ஓரமும் போயிற்று. மாடிப் போர்ஷன்காரர் ஃப்யூஸ் போய்விட்டதென்று கத்தினார். மறுபடி ஃப்யூஸ் போட்டு மறுபடி வைத்தார். நாலு மணிக்கு உள்ளங்கை ஓட்டை தோசைக்கல் ஆகியிருந்தது.

"கொஞ்சம் பழகணும்," என்றார்.

"நன்னாப் பழகுங்கோ. இன்னும் ஒரு மணி நேரம் பழகினா வீணையோட நானும் உள்ளே விழுந்துடலாம்," என்றாள் நீரஜா. சொன்னபோது குரல் உடைந்துவிட்டது. அவர் கறுப்புக் கண்ணாடியைக் கீழே வைத்தார். முதல் தடவையாக, எந்தக் கட்டத்தில் எழுதுவதென்று தெரியாத முகம்.

சனிக்கிழமை காலை அவளே முன்சீட்டில் ஏறி உட்கார்ந்தாள். "சைதாப்பேட்டை," என்றாள். கொட்டேஷன் பேச்சே எழவில்லை.

கரீமுல்லா குனிந்து பார்த்தார். வெகுநேரம் பார்த்தார்.

"சார், பெட்ரோல் டாங்க் இத்தோ பின்னாடி கீதே, அத கழட்டிட்டுத்தான வச்சே?"

கஸ்தூரிரங்கன் தொண்டையைக் கனைத்துக்கொண்டார்.

"யா அல்லா! அம்மா, நீ பண்ண புண்ணியம், மனுசன் முழுசா கீறாரு."

தரையை அப்படியே வெட்டி எடுத்து, புதுத் தகடு வளைத்து, கேஸ் வைத்து, தார் பூசினார். சாயங்காலம் ஆறு மணிக்கு அதன்மேல் ஏறி நின்று இரண்டு குதி குதித்துக் காட்டினார். பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, காலையிலிருந்து எப்படிச் செய்ய வேண்டும் என்று சொல்லிக்கொண்டிருந்த கஸ்தூரிரங்கனுக்குத்தான் மூச்சு வாங்கியது.

ஞாயிற்றுக்கிழமை வீணை பட்டுப்புடவை சுற்றிக்கொண்டு கல்யாணப் பெண் மாதிரி பின்சீட்டில் சாய்ந்து வந்தது. திருவான்மியூர் தாண்டி ரோடு குலுக்கினபோதெல்லாம் நீரஜா திரும்பிப் பார்த்தாள். தரை அசையவில்லை.

மேடையில் உட்கார்ந்து விரலை வைத்துப் பார்த்தாள். ஒரு மெட்டும் நகரவில்லை. எதிரே அறுபது எழுபது பேர். கோயில் காரியதரிசி சாய்நாத் மைக்கை அவள் பக்கம் நகர்த்தினார். சுருதி சேர்த்தாள். சுருதியோடு இன்னொரு குரலும் சேர்ந்துகொண்டது.

"...கார் தகடு அப்பளம் மாதிரி சார். கரண்ட் வெல்டிங் ஒத்தே வராது. கேஸ்தான். இதை முதல்லயே நான் ஸ்டடி பண்ணி..."

முன்வரிசை. பக்கத்து நாற்காலிக்காரர் தப்பிக்க வழி தேடிக்கொண்டிருந்தார்.

நீரஜா மைக் பக்கம் குனிந்தாள்.

"ஏன்னா, கொஞ்சம் வாயை மூடிண்டு கேளுங்கோ," என்றாள்.

கொட்டிவாக்கம் முழுக்க ஒலிபெருக்கியில் கேட்டது. சபை சிரித்து ஓய்வதற்குள் அவள் வாசிக்க ஆரம்பித்துவிட்டாள்.