வாசல் மணிக்குச் சாட்சி இல்லை

வீட்டில் இருப்பது ஒரே ஆள். அவர் வாசல் மணி அடிக்க ஒரு கணினி! சிரிக்காதீர்கள், தீப்பெட்டி அளவுப் பெட்டிதான் அது. ஆபீஸ் சர்வர் கணினிகளைக் கவனித்து ஓய்வுபெற்ற அவர் அதில் லினக்ஸ் இயங்குதளத்தை ஏற்றி, வேண்டாததையெல்லாம் கழற்றி எறிந்து, எலும்பும் தோலுமாக வைத்திருந்தார். உள்ளே நடப்பதைக் குறித்துவைக்கும் லாக் சேவையைக்கூட விட்டுவைக்கவில்லை.

"அதையுமா தூக்கிட்டே? நாளைக்கு ஏதாவது ஆச்சுன்னா யாரைப் போய்க் கேப்பே?" என்று போனில் கத்தினார் பழைய ஆபீஸ் நண்பர்.

"எழுதி எழுதியே மெமரி கார்டு தேஞ்சு போகுதுடா. என் வீட்டுக்கு யார் வரப்போறா, குறிச்சு வைக்க?"

விளையாட்டாகச் சொன்னார் என்றாலும் உண்மை அதுதான். மகள் கோபித்துக்கொண்டு போனபின் அந்த மணியைத் தொட்டவர்கள் கூரியர்காரர்கள் மட்டுமே.

ஒரு மாலை பெட்டியின் விளக்கு சிமிட்டாமல் நின்றுபோயிருப்பதைக் கண்டார். தொழில் பழக்கம்; கை தானாகப் போய் மின்கம்பியைப் பிடுங்கிச் செருகியது. பெட்டிக்கு உயிர் வந்தது. அதற்குள் கீழ்வீட்டுத் தையல்காரம்மா மூச்சிரைக்கப் படியேறி வந்தாள்.

"காதுல பஞ்சா சார்? உங்க பொண்ணு எவ்வளவு நேரம் நின்னுச்சு தெரியுமா? கண்ணைத் துடைச்சுக்கிட்டே இறங்கிப் போகுது!"

உடனே மகளுக்குப் போன் போட்டார்.

"பெட்டி ஹேங் ஆயிடுச்சும்மா. சத்தியமா எனக்கு மணி கேக்கலை."

"வீட்டுக்குள்ளே லைட் எரிஞ்சுதுப்பா." மகளுக்கும் அதே தொழில்தான், கற்றுக்கொடுத்தவரே இவர். "சரி, லாக் அனுப்புங்க. நானே பாத்துக்கறேன்."

"லாக்... வைக்கலைம்மா."

"நீங்களா?" வறண்ட சிரிப்பொன்று கேட்டது. "லாக் இல்லாம ஒரு மெஷினை ஓட்டினேன்னு என்னை ஒரு நாள் பூரா திட்டினீங்களேப்பா! கதவைத் திறக்க இஷ்டமில்லைன்னா நேரா சொல்லிடுங்க."

வைத்துவிட்டாள். மறுபடி அழைத்தார். எடுக்கவில்லை.

கார்டு தேய்ந்தால் தேயட்டும் என்று லாக் சேவையை ஏற்றினார். சோதித்துப் பார்க்க வேண்டுமே? வெளியே போய்க் கதவைச் சாத்திக்கொண்டு, மகள் எப்போதும் அடிப்பதுபோலவே, இரண்டு தடவை சின்னதாக, ஒரு தடவை நீளமாக அழுத்தினார். யாருமில்லாத வீட்டுக்குள் மணி கணீரென்று அடித்து ஓய்ந்தது.

திரும்பி வந்து திரையைப் பார்த்தார். மூன்று வரிகள் விழுந்திருந்தன. சோதனை வரிகளை அவர் ஒருநாளும் வைத்துக்கொண்டதில்லை. இவற்றை அழிக்க மட்டும் கை வரவில்லை.